வழக்கு முடிந்தபின் வக்கீல் ஆபீஸ் கொடுத்த பில்லில் கோர்ட் நடக்காத தேதிக்கெல்லாம் கட்டணம். எப்படிக் கேட்பது?

ஓய்வுபெற்ற செவிலி, கரூர்

வணக்கம். இங்கே சட்டம் தெரிந்தவர்கள் பொறுமையாகப் பதில் சொல்வதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரசு மருத்துவமனையில் 31 வருடம் செவிலியாக வேலை பார்த்து 2018இல் ஓய்வு பெற்றேன். அப்போது கைக்கு வந்த பணத்தில் 6 லட்சத்தை, பஸ் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்த தெரிந்த குடும்பத்துக்குப் புரோநோட்டு எழுதி வாங்கிக்கொண்டு கொடுத்தேன். கொஞ்ச காலம் வட்டி வந்தது, அப்புறம் நின்றது. நடையாய் நடந்தும் பலனில்லை. புரோநோட்டு காலாவதியாகும் முன் போட்டாக வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் வழக்குப் போட்டேன். வழக்கு கரூர் கோர்ட்டில். வக்கீல் நிறுவனம் திருச்சியில். மகனுடைய நண்பர் சொல்லிப் போனது.

அசலும் வட்டியுமாக 8,40,000 கேட்டுப் பிராது. சீனியர் தன் லெட்டர்ஹெட்டில் கைப்பட எழுதிக் கொடுத்தார்: "வழக்கு முடியும் வரை கட்டணம் ரூ. 60,000. கோர்ட் செலவுகள் தனி." அந்தத் தாள் இப்போதும் என்னிடம் இருக்கிறது.

2024 டிசம்பர் 14 லோக் அதாலத்தில் 7 லட்சத்துக்கு ராசியானது. மொத்தமும் ஒரே டிடியாக வந்தது, ஆனால் ஆபீஸ் பெயரில் எடுத்திருந்தார்கள். "எங்கள் கணக்கில் போட்டு உங்களுக்கு அனுப்பிவிடுவோம், வழக்கமாக அப்படித்தான்" என்றார் ஜூனியர் தம்பி. சரி என்றேன். பிப்ரவரியில் என் கணக்குக்கு 4,18,920 வந்தது. இரண்டு நாள் கழித்துப் பில் வந்தது. அதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்.

வழக்குக் கட்டணம் 60,000
கோர்ட் கட்டணம் 63,000
ஆஜர் கட்டணம், 22 வாய்தா, தலா 2,500 வீதம் 55,000
திருச்சி–கரூர் கார், 22 முறை, தலா 1,800 வீதம் 39,600
டைப்பிங், ஜெராக்ஸ், இதரம் 18,400
வசூலான தொகையில் 10 சதவீதம் 70,000
கூட்டுத்தொகை 3,06,000
ஜிஎஸ்டி 18 சதவீதம் 55,080
மொத்தம் 3,61,080
கழிவு: ஏற்கெனவே பெற்றது 80,000
நிகரம் 2,81,080

நான் கொடுத்தது 80,000 இல்லை, 1,10,000. அதில் 30,000 ரொக்கம். 2022 மார்ச்சில் ஆபீஸிலேயே குமாஸ்தா கையில் கொடுத்தேன். ரசீது கேட்டதற்கு, "அப்புறம் போட்டுத் தருகிறோம்மா" என்றார்கள்.

வாய்தாக் கணக்குதான் என்னைத் தூங்கவிடவில்லை. மகள் போனில் கோர்ட் செயலியை இறக்கிக் கொடுத்தாள். வழக்கின் சிஎன்ஆர் எண்ணை, அதாவது ஒவ்வொரு வழக்குக்கும் உள்ள தனி அடையாள எண்ணைப் போட்டால் எந்தத் தேதியில் வழக்கு கூப்பிடப்பட்டது, என்ன நடந்தது, அடுத்த தேதி என்ன என்று வரிசையாக வருகிறது. அதில் மொத்தம் 14 தேதிதான். பில்லில் 22. மீதி 8 தேதியை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். 2022 மே 11, 2023 மே 17 இரண்டும் கோடை விடுமுறைக்குள் வருகின்றன. 2023 அக்டோபர் 15 ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை கார் வைத்துக் கரூர் வந்து யார் முன்னால் ஆஜரானார்கள்? இன்னும் மூன்று தேதி 2021 ஆகஸ்ட், செப்டம்பரில், வழக்குக்கு நம்பர் விழுவதற்கு முன்பே. மற்ற இரண்டும் சாதாரண நாட்கள்தான், ஆனால் அன்று நம் வழக்கே லிஸ்டில் இல்லை.

போன் பண்ணிக் கேட்டேன். "மூன்றரை வருடம் உழைத்திருக்கிறோம், 7 லட்சம் வாங்கிக் கொடுத்திருக்கிறோம், தேதி முன்னே பின்னே இருக்கலாம்" என்றார் ஜூனியர். உழைக்கவில்லை என்று நான் சொல்லவே இல்லை. குறுக்கு விசாரணையில் சீனியர் கேட்ட கேள்விகளைக் கண்ணால் பார்த்தேன். அதற்குரிய பணத்தைக் கொடுப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஆனால் நான் இருந்த வார்டில் கொடுக்காத ஊசியைக் கொடுத்ததாக ஒரு நாளும் ரிஜிஸ்டரில் எழுதியதில்லை. எழுதியது நடந்திருக்க வேண்டும், நடந்தது எழுதப்பட்டிருக்க வேண்டும். இவர்களிடமும் அதைத்தான் கேட்கிறேன்.

இப்போது, "பில்லை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால்தான் வழக்குக் கட்டைத் தருவோம்" என்கிறார்கள். அந்தக் கட்டில் என் பாங்க் பாஸ்புக், பழைய கடிதங்கள், லோக் அதாலத் தீர்ப்பு நகல் எல்லாம் இருக்கின்றன. கையெழுத்துப் போடலாமா? போடாவிட்டால் எங்கே போவது? ரசீது இல்லாத அந்த 30,000 போனது போனதுதானா?

பல்லடம் ரவுண்டானா

அக்கா, கையெழுத்து மட்டும் போட்டுவிடாதீர்கள். நேராக நுகர்வோர் கோர்ட்டுக்குப் போங்கள். சேவைக் குறைபாடு என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் போதும், வக்கீல்கூடத் தேவையில்லை. என் மைத்துனர் வாஷிங் மெஷினுக்குப் போட்டு ஆறே மாதத்தில் பணம் வாங்கினார்.

மதுரை வக்கீல்

அம்மா, கையெழுத்துப் போடாதீர்கள் என்பது சரி. நுகர்வோர் கோர்ட் வழி மட்டும் அடைபட்டுவிட்டது. வக்கீல் தொழில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அங்கே போனால் மனு நிற்காது, உங்கள் நேரம்தான் போகும்.

உங்களுக்குக் கைகொடுப்பது பார் கவுன்சில் விதிகள். இந்திய பார் கவுன்சில் விதிகளின் 6ஆம் பாகம், 2ஆம் அத்தியாயத்தில் 25 முதல் 30 வரையுள்ள விதிகளைப் படியுங்கள். கட்சிக்காரர் பணத்துக்கு வக்கீல் கணக்கு வைத்தே ஆக வேண்டும். எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவானது, கட்டணமாக எவ்வளவு எடுத்தோம் என்பது தேதியோடு இருக்க வேண்டும். வந்த பணம் கட்டணத்துக்கா, செலவுக்கா என்றும் குறித்திருக்க வேண்டும். வழக்கு நடக்கும்போது செலவுக்கு என்று கொடுத்த பணத்தை, உங்கள் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் கட்டணத்தில் வரவு வைக்கக் கூடாது. 30ஆவது விதிதான் உங்களுக்கு முக்கியம்: நகலெடுக்கும் செலவைக் கொடுத்துக் கேட்டால் கணக்கின் நகலைத் தந்தே ஆக வேண்டும். உங்களுக்கு வந்திருப்பது பில். நீங்கள் கேட்க வேண்டியது கணக்கு. இரண்டும் வேறு.

டிடியை அவர்கள் பெயரில் வாங்கியதில் பெரிய தவறு இருக்காது, வக்காலத்திலேயே பணம் பெறும் அதிகாரம் எழுதியிருக்கும். வழக்கு முடிந்தபின், பேசி முடித்த கட்டணத்தில் பாக்கி இருந்தால் கைக்கு வந்த பணத்தில் எடுத்துக்கொள்ளவும் 28ஆவது விதி இடம் தருகிறது. ஆனால் பேசி முடித்த கட்டணம் என்றால் உங்களிடம் உள்ள தாளில் இருக்கும் 60,000தான். "வழக்கு முடியும் வரை" என்று அவரே எழுதிய பிறகு, வாய்தாவுக்கு 2,500 தனியாகப் போட்டால் ஒரே வேலைக்கு இரண்டு கூலி.

அந்த 10 சதவீதம் சட்டப்படி செல்லாது. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைத்ததில் பங்கு கேட்பதையும் 20ஆவது விதி தடுக்கிறது. 2017 டிசம்பரில் தெலங்கானாவிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே உறுதியாகச் சொன்னது. நீங்களே சம்மதித்திருந்தால்கூட அவரால் கேட்க முடியாது. நீங்கள் சம்மதிக்கவும் இல்லை.

ஜிஎஸ்டியைப் பார்த்து உண்மையிலேயே கோபம் வந்தது. வக்கீலோ வக்கீல் நிறுவனமோ ஒரு தனிமனிதருக்குச் செய்யும் சட்டப் பணிக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. வியாபார நிறுவனத்துக்குச் செய்தால்கூட, வரி வருமானால் அதைக் கட்சிக்காரர்தான் நேராக அரசுக்குக் கட்டுவார், வக்கீல் வசூலிப்பதில்லை. ஓய்வூதியம் வாங்கும் உங்களிடம் 18 சதவீதம், அதுவும் கோர்ட் கட்டணத்தின் மேலும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். பில்லில் ஜிஎஸ்டி பதிவு எண் இருக்கிறதா? இல்லாவிட்டால் அந்த எண்ணையும், வரியைக் கட்டிய விவரத்தையும் எழுத்தில் கேளுங்கள்.

கட்டுக்கு வருவோம். கட்டணப் பாக்கிக்காக வழக்குக் கட்டைப் பிடித்துவைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று 2000இல் ஆர்.டி. சக்சேனா வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாக்கி உண்மையாகவே இருந்தால் அதற்கு அவர் தனியாக வழக்குப் போடலாம், அவ்வளவுதான். கடிதத்தில் இந்தத் தீர்ப்பின் பெயரை ஒரு வரியில் சேருங்கள்.

முதலில் கடிதம். பதில் வராவிட்டால் சென்னை ஹைகோர்ட் வளாகத்தில் உள்ள தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில், வழக்கறிஞர்கள் சட்டம் 1961, 35ஆவது பிரிவில் புகார் மனு. தமிழிலேயே கொடுக்கலாம். ஒரு வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, நடைமுறையில் தள்ளிப்போவதும் உண்டு. இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். பார் கவுன்சில் கண்டிக்கலாம், சில காலம் தொழில் செய்யத் தடை போடலாம், பெயரையே நீக்கலாம். பணத்தை வாங்கித் தர அதற்கு அதிகாரம் இல்லை. பணத்துக்கு சிவில் வழக்குதான், மூன்று வருடத்துக்குள். அதற்கு நீங்கள் செலவு செய்ய வேண்டியதில்லை. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. கரூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100க்குப் போன் செய்யுங்கள்.

குமாஸ்தா, 27 வருடம்

வக்கீல் சார் விதியெல்லாம் சொல்லிவிட்டார். நான் தாள்களைப் பற்றிச் சொல்கிறேன் அம்மா.

63,000 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. 8,40,000க்கு ஏழரை சதவீதம் போட்டால் 63,000. ஒரு காலத்தில் நம் ஊரில் அதுதான் விகிதம், நானே எத்தனையோ பிராதுக்கு அப்படி ஸ்டாம்ப் ஒட்டியிருக்கிறேன். 2017 மார்ச் 1 முதல் அதை மூன்று சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். நீங்கள் போட்டது 2021. உங்கள் வழக்குக்குக் கட்டியிருக்க வேண்டியது 25,200தான். 63,000 கட்ட நினைத்தாலும் கோர்ட் ஆபீஸ் செக்ஷனில் வாங்கமாட்டார்கள். பிராதின் கடைசியில் வழக்கின் மதிப்பும் கட்டிய கட்டணமும் எழுதியிருக்கும். கோர்ட்டில் நகல் மனு போட்டுச் சான்றிட்ட நகல் வாங்கிவிடுங்கள், கட்டு கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

அதைவிட முக்கியம், அந்த 25,200 உங்களுக்கே திரும்ப வர வேண்டும். லோக் அதாலத்தில் முடிந்த வழக்குக்குக் கோர்ட் கட்டணம் முழுக்கத் திரும்பக் கிடைக்கும். தீர்ப்பு நகலிலேயே பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். பில்லில் அதைப் பற்றிப் பேச்சே இல்லையே? யாராவது உங்கள் சார்பில் மனு போட்டுச் சான்று வாங்கிவிட்டார்களா என்று செக்ஷனில் விசாரியுங்கள். வாங்கவில்லை என்றால் நீங்களே போடுங்கள்.

இப்போது ஆபீஸ் பக்கம் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். நம்பர் விழுவதற்கு முன்னால் உள்ள மூன்று தேதியைப் பொய் என்று எழுதிவிடாதீர்கள். பிராது போட்டவுடன் நம்பர் ஆகாது. இது சரியில்லை, அது இல்லை என்று ரிட்டர்ன் போடுவார்கள், திருத்தி மறுபடி தாக்கல் செய்ய வேண்டும். அதற்காக வந்துபோன நாட்கள் செயலியில் வாய்தாவாக வராது. பிராதின் முதுகில் ரிட்டர்ன் முத்திரையும் தேதியும் இருக்கும், நகல் வாங்கும்போது பாருங்கள். அதேபோல் நீதிபதி லீவு என்று தள்ளிப்போன நாளிலும் ஜூனியர் வந்துதான் தெரிந்துகொண்டிருப்பார். அந்தப் பயணத்தையும் மறுக்க வேண்டாம். ஞாயிறு, மே, லிஸ்டில் இல்லாத இரண்டு நாள், இந்த ஐந்தும் போதும் உங்களுக்கு. எட்டையும் கேட்டு மூன்றில் தோற்றால், மீதி ஐந்தும் பலவீனமாகத் தெரியும்.

18,400 இதரத்துக்கு வவுச்சர் கேளுங்கள். ஒரே பிரதிவாதி, புரோநோட்டு வழக்கு. சம்மன் அனுப்பக் கட்டும் பேட்டா, நகல் செலவு, டைப்பிங் எல்லாம் சேர்த்தாலும் அந்தத் தொகை வராது என்பது என் அனுபவம்.

ரொக்கம் கொடுத்த அன்று ஆபீஸிலிருந்து வாட்ஸ்அப்பில் ஏதாவது வந்ததா? நாங்கள் சீனியருக்குச் செய்தி போடும்போது கட்சிக்காரருக்கும் சேர்த்து அனுப்பிவிடுவது உண்டு. தேடிப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற செவிலி, கரூர்

குமாஸ்தா சார், நீங்கள் எந்த ஊரோ தெரியாது, நன்றாயிருக்க வேண்டும். ராத்திரி பதினோரு மணிக்கு எழுந்து வாட்ஸ்அப்பில் 2022 மார்ச் வரை தள்ளித் தள்ளிப் போனேன். மார்ச் 9, மாலை 4.12. "அம்மா 30 சார்ட்ட குடுத்தாச்சு." அவ்வளவுதான் செய்தி. அதே காலையில் பாங்கில் 30,000 எடுத்தது பாஸ்புக்கில் இருக்கும். அந்தப் பாஸ்புக் கட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறது, ஆனால் பாங்கில் ஸ்டேட்மெண்ட் வாங்கிவிடலாம். இரண்டையும் சேர்த்து வைத்தால் ரசீதுக்குப் பதிலாகாதா?

வக்கீல் சார், எந்தப் பெயருக்கு எழுதுவது, சீனியருக்கா, நிறுவனத்துக்கா?

மதுரை வக்கீல்

இரண்டு பேருக்கும். வக்காலத்தில் கையெழுத்துப் போட்டவர் பெயர் கட்டாயம் இருக்கட்டும், பார் கவுன்சில் பார்ப்பது தனி வக்கீலை. அந்த வாட்ஸ்அப்பும் பாங்க் ஸ்டேட்மெண்டும் சேர்ந்தால் நல்ல ஆதாரம். போனை மாற்றிவிடாதீர்கள், செய்தியை அழித்துவிடாதீர்கள்.

பொள்ளாச்சி தென்னந்தோப்பு

அம்மா, எங்கள் பாகப்பிரிவினை வழக்கில் இதே மாதிரி நடந்தது. நான் முதல் கடிதத்தில் "ஏமாற்றிவிட்டீர்கள்", "மோசடி" என்றெல்லாம் எழுதிவிட்டேன். அவர்கள் அந்த வார்த்தைகளையே பிடித்துக்கொண்டு மானநஷ்டம் என்று நோட்டீஸ் அனுப்பினார்கள், கணக்கு பேச்சே அடிபட்டுப்போனது. இரண்டாவது தடவை ஒரு வயதான வக்கீல் சொல்லிக் கொடுத்தபடி எழுதினேன். இடப்பக்கம் அவர்கள் போட்டது, நடுவில் ஆதாரம் சொல்வது, வலப்பக்கம் வித்தியாசம். பெயரடை ஒன்றுகூட இல்லை. கடைசியில் "15 நாளுக்குள் கணக்கின் நகலும் கட்டும் தரவும்" என்று ஒரு வரி. பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். அப்புறம்தான் சீனியரே கூப்பிட்டுப் பேசினார்.

போனில் இனிமேல் எதுவும் பேசாதீர்கள். அவர்கள் கூப்பிட்டால், "எழுத்தில் அனுப்புங்கள் சார்" என்று மட்டும் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற செவிலி, கரூர்

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். கேட்டவர்களுக்கும் தனிச் செய்தி அனுப்பியவர்களுக்கும் சேர்த்து.

பிராதின் சான்றிட்ட நகல் வாங்கினேன். கட்டிய கட்டணம் 25,200 என்று அச்சாக இருக்கிறது. முதுகுப் பக்கத்தில் இரண்டு ரிட்டர்ன் முத்திரை, இரண்டின் தேதியும் பில்லில் உள்ள தேதிகளோடு பொருந்துகின்றன. மூன்றாவது, தாக்கல் செய்த நாள். எனவே அந்த மூன்றையும் என் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். எடுக்காமல் அனுப்பியிருந்தால் நான்தான் பொய் சொன்னவளாகியிருப்பேன்.

மூன்று கட்டம் போட்டு, பொள்ளாச்சிக்காரர் சொன்னபடி, ஒரு கடுஞ்சொல் இல்லாமல் எழுதினேன். என் பேத்தி டைப் அடித்தாள். ஒப்புகை அட்டை திரும்பி வந்த பத்தாம் நாள் சீனியரே கூப்பிட்டார். எழுத்தில் அனுப்புங்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சரிம்மா என்றார். மறுவாரம் கடிதம் வந்தது. ஜிஎஸ்டி 55,080, சதவீதம் 70,000, கோர்ட் கட்டண வித்தியாசம் 37,800, ஆக 1,62,880 "எழுத்துப் பிழையால் சேர்ந்தது" என்று எழுதி என் கணக்குக்கு அனுப்பிவிட்டார்கள். கட்டும் வந்துவிட்டது, கையெழுத்து எதுவும் கேட்கவில்லை. பாஸ்புக்கைத் திறந்து மார்ச் 9 வரியைப் பார்த்தேன், இருக்கிறது.

ஆஜர் கட்டணம் 55,000க்கு இன்னும் பதில் இல்லை. இதரத்துக்கு வவுச்சர் தேடுகிறார்களாம். 30,000 பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. பயணக் கட்டணம் தாளில் எழுதவில்லை என்றாலும், உண்மையாக வந்துபோன 17 நாளுக்கு 1,800 வீதம் 30,600 தருகிறேன் என்று நானே எழுதியிருந்தேன். அதை மாற்றப்போவதில்லை. அவர்கள் வந்தார்கள், நான் பார்த்தேன்.

கோர்ட் கட்டணத்தைத் திரும்பப் பெற யாரும் மனு போட்டிருக்கவில்லை. சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு பெண் வக்கீலைப் போட்டுக் கொடுத்தார்கள், போன வெள்ளிக்கிழமை மனு தாக்கலாகிவிட்டது. அவரே பார் கவுன்சில் புகாரையும் எழுதிவைத்திருக்கிறார். இன்னும் அனுப்பவில்லை. கணக்கின் நகல் கேட்டு இரண்டாவது கடிதம் நேற்றுத் தபாலில் போனது. மறுபடி 15 நாள் கொடுத்திருக்கிறேன்.